சென்னை டு சான் ஃப்ரான்சிஸ்கோ: கிலோமீட்டரை விடு, மணிக்கணக்கைப் பார்!

தங்கச்சி, சென்னைக்கும் சான் ஃப்ரான்சிஸ்கோவுக்கும் எவ்வளவு தூரம் என்று செல்போனில் தட்டினால் சுமார் 13,900 கிலோமீட்டர் என்று வரும். பக்கத்திலேயே ‘பறக்கும் நேரம் 16 மணி’ என்று ஒரு கணக்கும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, “பதினாறு மணி நேரம்தாம்மா, ஒரு தூக்கம் போட்டு எழுந்தா வந்துடும்” என்று அம்மாவிடம் சொல்லிவிடாதே. அந்த 16 மணிப் பயணம் யாருக்கும் கிடைப்பதில்லை. இரண்டு ஊருக்கும் நடுவே உலக உருண்டையின்மேல் போகிற மிகக் குறுகிய கோட்டை அளந்து, விமானத்தின் வேகத்தால் வகுத்து, ஏறி இறங்கக் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிற எண் அது. சென்னையிலிருந்து அந்தக் கோட்டில் நேராகப் பறக்கிற பயணிகள் விமானம் கிடையாது.

உன் பிரசவத்துக்கு அம்மாவையும் அப்பாவையும் அழைக்கப் போகிறாய். அவர்களுக்கு முதல் வெளிநாட்டுப் பயணம். ஆகவே நீ மனதில் வைக்க வேண்டிய எண் 30. வீட்டு வாசலில் கார் ஏறுவதிலிருந்து உன் வீட்டுக் கதவைத் திறப்பது வரை 30 மணி நேரம். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் 3 மணி நேரம் முன்னால் இருக்க வேண்டும். துபாய் வழி என்றால் முதல் விமானம் 4 மணி நேரம், நடுவில் காத்திருப்பு 4 மணி நேரம், அடுத்த விமானம் 16 மணி நேரம். சான் ஃப்ரான்சிஸ்கோவில் இமிக்ரேஷன் வரிசை, பெட்டி எடுப்பது என்று ஒன்றரை, இரண்டு மணி. பிறகு சன்னிவேலோ ஃப்ரீமாண்டோ, காரில் முக்கால் மணி, ஒரு மணி. கூட்டிப் பார், 30 வந்துவிடும். ஊர் தஞ்சாவூரோ மதுரையோ என்றால் சென்னை வந்து சேர்கிற இரவையும் இதன் தலையில் ஏற்று. மாத்திரை, சாப்பாடு, தூக்கம், மாற்றுத்துணி எல்லாவற்றுக்கும் இந்த 30தான் கணக்கு.

தூரம் கூடினால் நேரமும் கூடும் என்று நினைப்பது இயல்பு. ஆகாயத்தில் அது எப்போதும் சரியாக இருப்பதில்லை. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி - சான் ஃப்ரான்சிஸ்கோ விமானத்தை, வழக்கமான அட்லாண்டிக் பக்கத்தை விட்டுவிட்டு பசிபிக் பக்கமாக ஓட்டியது. பறந்த தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். பழைய வழியைவிட 1,400 கிலோமீட்டர் அதிகம். ஆனால் 14½ மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது, பழைய வழியைவிடச் சீக்கிரமாக! காரணம் காற்று. உயரத்தில், விமானங்கள் பறக்கிற மட்டத்தில், மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசுகிற காற்று ஓட்டம் இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். கிழக்கே போகிற விமானத்தை அது முதுகில் கைவைத்துத் தள்ளும், மேற்கே போகிற விமானத்தை எதிர்த்து நிற்கும்.

இது உனக்கு எங்கே உதவும் என்றால், ரிட்டர்ன் டிக்கெட் பார்க்கும்போது. சிங்கப்பூரிலிருந்து சான் ஃப்ரான்சிஸ்கோ போக 15 மணியை ஒட்டி ஆகும், திரும்பி வர 17 மணியை ஒட்டி ஆகும். ஹாங்காங் வழியிலும் அப்படித்தான், திரும்பும் பயணம் இரண்டு மணி நேரம் போல நீளும். துபாய் விமானம் வடதுருவப் பக்கமாக ஏறி இறங்குவதால் போவதற்கும் வருவதற்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்காது. ஆகவே போகிற நேரத்தை மட்டும் பார்த்து டிக்கெட் போடாதே. ஆறு மாதம் உன் வீட்டில் குழந்தையைப் பார்த்துக் களைத்த உடம்போடு அம்மா திரும்பிப் போகப்போவது அந்த நீளமான விமானத்தில்தான்.

இன்னொன்றையும் அம்மாவிடம் முன்பே சொல்லி வை. இருக்கைக்கு முன்னால் இருக்கும் சின்னத் திரையில் விமானம் போகிற வழி தெரியும். துபாயில் ஏறிய விமானம் ஈரான், ரஷ்யா என்று வடக்கே ஏறி, பனிக்கடலைத் தாண்டி, கனடா வழியாகக் கீழே வருவது வழக்கம். “அமெரிக்கா மேற்கேன்னு சொன்னாங்க, இவன் ஏன் வடக்கே போறான்?” என்று பக்கத்துச் சீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு கலங்கிப்போகிற அம்மாக்கள் உண்டு. வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் நூலின் ஒரு முனையைச் சென்னையிலும் மறுமுனையைச் சான் ஃப்ரான்சிஸ்கோவிலும் வைத்து இழுத்துப் பிடிக்கச் சொல். நூல் பசிபிக் கடலின் நடுவே போகாது. வங்காள விரிகுடாவிலிருந்து வடக்கே ஏறி, சீனாவைக் கடந்து, சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் ஆர்க்டிக் வட்டத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அலாஸ்காவை ஒட்டி இறங்கும். தட்டையான வரைபடத்தில் வளைவாகத் தெரிவது உருண்டையில் குறுக்குவழி. ஒருமுறை கையால் பிடித்துப் பார்த்துவிட்டால் அந்தத் திரையைப் பார்த்து அம்மா பயப்பட மாட்டார், ரசிப்பார். 2021 ஜனவரியில் கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகள் மட்டுமே சேர்ந்து, சான் ஃப்ரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வடதுருவத்தின் மேலாக ஓட்டி வந்தார்கள், 17 மணி நேரத்துக்குப் பக்கம். அதையும் அம்மாவுக்குச் சொல். நாலு பெண்கள் போன வழி என்றால் தைரியம் வரும்.

சரி, எந்த ஊர் வழியாக டிக்கெட் போடுவது? விலையை மட்டும் பார்க்காமல் பயணம் எந்த இடத்தில் உடைகிறது என்று பார். துபாய் வழி மொத்தம் சுமார் 16,000 கிலோமீட்டர். அதில் 13,000 ஒரே மூச்சில். சிங்கப்பூர் வழி சுமார் 16,500. அதிலும் இரண்டாம் பாதி 13,600 கிலோமீட்டர் நீட்டு விமானம். ஃப்ராங்க்ஃபர்ட் வழி கூட்டினால் 16,700 வரும், ஆனால் பத்து மணி, பதினொன்றரை மணி என்று ஏறக்குறைய சமமாக உடையும். ஹாங்காங் வழிதான் தூரத்தில் குறைவு, 14,800 போல. ஆறு மணிக்குள் ஒன்று, பதிமூன்று மணியை ஒட்டி ஒன்று.

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். மூட்டுவலி, கால் வீக்கம், அடிக்கடி பாத்ரூம் போக வேண்டிய தொந்தரவு உள்ளவர்களுக்கு 16 மணி நேரம் ஒரே இருக்கை வேண்டாம். ஃப்ராங்க்ஃபர்ட் அல்லது ஹாங்காங் வழி, நடுவில் இறங்கி நாலு எட்டு நடக்கலாம். கையில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் ஃப்ராங்க்ஃபர்ட்டில் விமானம் மாறத் தனி விசா தேவையில்லை. உட்கார்ந்தபடியே நன்றாகத் தூங்குகிறவர்கள், ஆனால் தனியாகப் போகப் பயப்படுகிறவர்கள் என்றால் சிங்கப்பூர் வழியைத்தான் நான் சொல்வேன். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. தமிழில் கேட்டால் பதில் சொல்ல யாராவது கிடைப்பார்கள் என்பது ஒரு அம்மாவுக்கு எவ்வளவு பெரிய பலம்! திருச்சி, கோயம்புத்தூர் பக்கத்துக் குடும்பங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அங்கிருந்தே ஸ்கூட் விமானம் சிங்கப்பூர் போகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸோடு சேர்த்து ஒரே டிக்கெட்டாகக் கிடைத்தால் சென்னைக்கு ரயில் ஏறும் அலைச்சலே மிச்சம். லக்கேஜ் எத்தனை கிலோ என்பதை மட்டும் இரண்டு விமானத்துக்கும் சேர்த்து உறுதி செய்துகொள்.

ஒரே டிக்கெட் என்று அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சென்னை - துபாய் ஒரு டிக்கெட், துபாய் - சான் ஃப்ரான்சிஸ்கோ வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்கினால் பத்தாயிரம், இருபதாயிரம் குறையலாம். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், புது டிக்கெட்தான். பெட்டியும் நேராகச் சான் ஃப்ரான்சிஸ்கோவுக்குப் போகாமல் நடுவில் நிற்கலாம். அதை வெளியே போய் எடுத்து மறுபடி போட, அந்த நாட்டு விசாவே தேவைப்படலாம். ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பாடு. அப்பா அம்மா பயணத்தில் இந்தச் சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

நடுவில் எவ்வளவு நேரம் விடுவது? டிக்கெட் தேடினால் ஒன்றரை மணி இடைவெளியைக்கூடப் பெருமையாகக் காட்டும். உனக்கும் எனக்கும் அது சரி, ஓடிவிடுவோம். வீல்சேர் கேட்டிருக்கும் அம்மாவை விமானத்தில் முதலில் ஏற்றுவார்கள், ஆனால் கடைசியில்தான் இறக்குவார்கள். எல்லோரும் இறங்கி, வண்டி வந்து, தள்ளுகிற ஆள் வந்து, மறுபடி செக்யூரிட்டி சோதனை முடித்து அடுத்த கேட்டுக்குப் போவதற்குள் ஒரு மணி நேரம் சாதாரணமாக ஓடும். மூன்று மணிக்குக் குறையாமல், ஐந்து மணிக்கு மேல் போகாமல் ஒரு இடைவெளி பார். எட்டு, பத்து மணி நேரம் இரும்பு நாற்காலியில் உட்கார வைக்கிற டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடு. வீல்சேரை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடு. பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது பதிவில் ஏறியிருக்க வேண்டும். அதில் கூச்சமே வேண்டாம். நன்றாக நடக்கிற அம்மாவுக்கும் அந்தப் பெரிய விமான நிலையத்தில் கேட் தேடும் கவலை இல்லாமல் போகும்.

நியூயார்க் பக்கம் நியூவார்க்கிலோ சிகாகோவிலோ இறங்கி உள்நாட்டு விமானம் மாறுகிற டிக்கெட்டும் கண்ணில் படும். அமெரிக்காவில் முதலில் கால் வைக்கிற ஊரில்தான் இமிக்ரேஷன். அங்கேயே பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி பெட்டியைப் போட்டு, மறுபடி சோதனைக்கு நிற்க வேண்டும். முதல் பயணத்துக்கு அந்த வழி வேண்டாம். நேராகச் சான் ஃப்ரான்சிஸ்கோவிலேயே முதல் முறை இறங்குகிற மாதிரி பார்த்துக்கொள்.

இப்போது நாள், கிழமை. இதில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம், ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். சென்னையிலிருந்து வெளிநாடு போகிற விமானங்களில் நிறைய நள்ளிரவு தாண்டிக் கிளம்புபவை. டிக்கெட்டில் ‘புதன் 03:30’ என்று இருந்தால் செவ்வாய்க்கிழமை ராத்திரி பன்னிரண்டு மணிக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்று அர்த்தம். நம் வீடுகளில் விடிந்தால்தான் புதன். புதன் ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்! அப்பாவின் காலண்டரில் செவ்வாய்க் கட்டத்தில், ‘இன்று இரவு சாப்பிட்டதும் கிளம்ப வேண்டும்’ என்று பேனாவால் எழுதச் சொல். கால் டாக்சியையும் செவ்வாய்த் தேதிக்கே புக் பண்ணு.

இறங்குகிற நாள் இன்னும் குழப்பும். கோடையில் புதன் அதிகாலை 3:30-க்குக் கிளம்பி 24 மணி நேரம் கழித்து இறங்கினால் சென்னையில் வியாழன் அதிகாலை 3:30. ஆனால் உனக்கு அங்கே புதன் பிற்பகல் 3 மணி. கிளம்பின அதே நாள், அதே தேதி. திரும்பும்போது அந்தக் கடன் வட்டியோடு கழியும். புதன் மாலை 4 மணிக்குக் கிளம்பினால், அதே 24 மணி நேரக் கணக்கில் சென்னை வந்து இறங்குவது வெள்ளி அதிகாலை 4:30. வியாழக்கிழமை என்ற ஒன்று வானத்திலேயே போய்விடும். ஊரில் கல்யாணம், திதி, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் என்று எதற்காவது திரும்புகிறார்கள் என்றால், கிளம்பும் தேதியைப் பார்த்துச் சொல்லாதே, இறங்கும் தேதியைச் சொல். டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +1, +2 என்று போட்டிருப்பார்கள். அதைப் படித்துப் பழகு.

கடிகாரத்துக்கு ஒரு சுலப வழி. மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை வித்தியாசம் 12½ மணி நேரம், மற்ற மாதங்களில் 13½. சென்னை நேரத்தில் காலையை மாலையாக, மாலையைக் காலையாக மாற்று. கோடையில் அரை மணி, குளிரில் ஒன்றரை மணி பின்னால் தள்ளு. சென்னையில் இரவு 9 என்றால் உனக்குக் கோடையில் அதே நாள் காலை 8:30, குளிரில் 7:30. சென்னையில் காலை 8 என்றால் உனக்கு முந்தின நாள் மாலை 7:30, அல்லது 6:30. அப்பாவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் ஊரில் இருக்கும் அண்ணனை அர்த்தராத்திரியில் எழுப்ப மாட்டார்.

மாத்திரை விஷயத்தில் ஊகம் கூடாது. பி.பி. மாத்திரை போல ஒரு நாளைக்கு ஒன்று என்றால் பெரிய சிக்கல் இல்லை. இன்சுலின் போடுகிறவர்களுக்கு அந்த ஒற்றை நாள் நீண்டுகொண்டே போகும் என்பதால், எந்த நேரம் எவ்வளவு என்பதைப் பறக்கும் அட்டவணையைக் காட்டி டாக்டரிடமே எழுதி வாங்க வேண்டும். இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைக்கக் கூடாது, கீழே சரக்கு அறையில் உறைந்துபோகலாம். இரண்டு மூன்று நாளுக்கான எல்லா மருந்தும், டாக்டர் சீட்டும், கண்ணாடியும் கைப்பையில். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தாலே காலில் ரத்தம் உறையும் ஆபத்து கொஞ்சம் கூடுகிறது. விழித்திருக்கும்போது ஒன்றரை, இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடை, உட்கார்ந்தபடி கணுக்காலைச் சுழற்றுவது, தண்ணீர். பாத்ரூம் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் வருகிற அம்மாக்களுக்காகத்தான் ஓரச் சீட் கேட்டு வாங்கச் சொல்கிறேன். ஜன்னல் சீட் வேண்டாம்.

சாப்பாட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘இந்து மீல்’ என்று இருப்பதைச் சைவம் என்று நம்பிப் போட்டுவிடாதே, அதில் கோழியோ மீனோ வரலாம். ஏ.வி.எம்.எல். என்கிற ஆசிய சைவச் சாப்பாட்டைத் தேர்ந்தெடு. இட்லிப் பொடி, சாம்பார் பொடி எல்லாம் பெரிய பெட்டிக்குள். அமெரிக்கா போகிற விமானத்தில் 350 மில்லிக்கு மேல் பொடியைக் கையில் வைத்திருந்தால் நிறுத்திக் கேட்பார்கள். ஊறுகாயும் பெரிய பெட்டிக்குள்தான். பச்சைக் கறிவேப்பிலை கொண்டு போகத் தடை, அம்மா எவ்வளவு கெஞ்சினாலும்!

வான்வெளி நிலவரம் மாறிக்கொண்டே இருப்பதையும் நினைவில் வை. 2022-லிருந்து ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்கள் ரஷ்யா மேல் பறக்க முடியாது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போன சில விமானங்கள் வியன்னா போன்ற ஊர்களில் எரிபொருள் போட இறங்க வேண்டியிருந்தது. போன வருஷம் பக்கத்து வீட்டு மாமி போய் வந்த நேரத்தை இந்த வருஷத்துக்கு நம்பாதே. டிக்கெட் போடும் அன்றும், கிளம்புவதற்கு முந்தின நாளும் நேரத்தைத் திரும்பப் பார்.

ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் விமான எண்கள், ஒவ்வொரு ஊரிலும் இறங்கும் நேரம், ஏறும் நேரம், உன் முகவரி, உன் போன், மாப்பிள்ளை போன் எல்லாம் ஆங்கிலத்தில் ஒரு பக்கமும் தமிழில் மறுபக்கமும் எழுதி அம்மா கைப்பையில் வைக்கச் சொல். போன் சார்ஜ் இறங்கிவிடும், தாள் இறங்காது. இமிக்ரேஷனில் எத்தனை மாதம் இருப்பாய் என்று கேட்டால் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறேன், இந்தத் தேதியில் திரும்புகிறேன் என்று உண்மையைச் சொன்னால் போதும். எத்தனை நாள் தங்கலாம் என்று அவர்கள் கொடுக்கிற தேதியை இறங்கின வாரத்திலேயே ஐ-94 பதிவில் பார்த்து, ரிட்டர்ன் டிக்கெட் அதற்குள் இருக்கிறதா என்று சரிபார்.

கடைசியாக, தேதி. பகலும் இரவும் தலைகீழாக மாறுகிற இந்தத் தூரத்துக்கு உடம்பு பழக ஒரு நாளைக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் வீதம்தான் நகரும். பத்து நாள் ஆகிவிடும். இறங்கின மூன்றாம் நாள் ராத்திரி பச்சைக் குழந்தையைக் கையில் கொடுத்தால் அம்மா மாட்டேன் என்று சொல்ல மாட்டார், ஆனால் உடம்பு தாங்காது. அதனால் டாக்டர் சொன்ன பிரசவத் தேதிக்கு மூன்று வாரமாவது முன்னால் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடு. குழந்தை சீக்கிரமே வந்துவிட்டால், அந்த முதல் பத்து நாள் இராக்கண் விழிப்பை நீயும் மாப்பிள்ளையும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவைத் தூங்க விடு.